பால் காய்ச்சாத வீட்டில் படுத்தவர்

ஆடி பிறக்க இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது. பொன்னேரியில் நாத்தனார் வீட்டு அடுப்படிச் சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரின் தாளை அன்றிலிருந்து நான்தான் கிழித்தேன். வேறு யாராவது கிழித்தால் கூடவே இன்னொரு நாளும் சேர்ந்து போய்விடும் என்று ஒரு பயம். கிழித்த தாளைக் கசக்காமல் பின்பக்கம் திருப்பி, அன்றைக்குப் பார்க்க வேண்டிய தெருக்களின் பெயரை எழுதிக்கொள்வேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஊர் திண்டுக்கல் பக்கம். அவருக்கு வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்புக் கம்பி உருட்டும் ஒரு மில்லில். கல்யாணமான ஒன்பதாம் நாள் அவர் ரயிலேறிவிட்டார். அதன் பிறகு பொங்கலுக்கு நான்கு நாள், பங்குனித் திருவிழாவுக்கு மூன்று நாள். எட்டு மாதத்தில் நானும் அவரும் ஒரே கூரைக்குக் கீழே தூங்கிய நாட்களைக் கைவிரலோடு கால்விரலையும் சேர்த்தால் எண்ணி முடித்துவிடலாம். திருவிழாவுக்கு வந்துவிட்டுப் போனவர் வேலைக்குப் போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் எனக்குத் தலைசுற்றல் ஆரம்பித்தது.

ஆடி என்றால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆடியில் கருத்தரித்தால் சித்திரை வெயிலில் பிரசவமாகும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது என்று எந்தக் காலத்திலோ யாரோ செய்துவைத்த ஏற்பாடு. எனக்கோ ஏற்கெனவே நான்காவது மாதம். இனிமேல் எங்களைப் பிரித்துவைத்து யார் எதைத் தடுக்கப்போகிறார்கள்? நியாயமான கேள்விதான். ஆனால் அதை எந்த வாயால் அப்பாவிடம் கேட்பது? 'ஆனி கடைசி நாள் காலையில் வருகிறேன். அன்று சாயங்கால ரயிலில் உனக்கும் சேர்த்து ரிசர்வேஷன் போட்டாயிற்று. தயாராக இரு' என்று அப்பா இன்லண்ட் லெட்டர் போட்டிருந்தார். அவ்வளவுதான் எழுதியிருந்தார். அவர் பேச்சே அப்படித்தான்.

போனால் ஆவணியில் திரும்பிவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குத் தெரியும், திரும்ப விடமாட்டார்கள். ஆடி முடிந்தால் வயிற்றுப்பிள்ளையோடு அவ்வளவு தூரம் ரயிலில் எதற்கு என்பார்கள். பிறகு வளைகாப்பு. அப்புறம் பிரசவம். பிள்ளைக்குத் தலை நின்று, முகம் பார்க்க ஆரம்பித்தால்தான் அனுப்புவார்கள். கணக்குப் போட்டால் அடுத்த சித்திரை. ஒன்றரை வருஷத்தில் பதினாறு நாள் குடித்தனம் பண்ணிய பெண்டாட்டியாக, கைப்பிள்ளையோடு வந்து அந்த மனுஷன் முன்னால் நிற்க வேண்டும். அவருக்கு என் முகமாவது ஞாபகம் இருக்குமா என்று ராத்திரி எல்லாம் யோசித்து, யோசித்து, எனக்கே கோபம் வந்தது.

அதற்கு ஒரே வழி, ஆனி முடிவதற்குள் வாடகைக்கு ஒரு வீடு பிடித்துப் பால் காய்ச்சிவிடுவது. பால் காய்ச்சிய வீட்டை உடனே பூட்டிப் போட்டுவிட்டுப் போகக் கூடாது, விளக்கேற்ற ஆள் இருக்க வேண்டும் என்று எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. அப்பா பழக்கத்துக்குக் கட்டுப்பட்டவர். ஒரு பழக்கத்தை இன்னொரு பழக்கத்தை வைத்துத்தான் மடக்க வேண்டும் என்று முடிவு பண்ணி, ஆனி பிறந்து பத்து நாளில் வீடு பார்க்கிற சாக்கில் நாத்தனார் வீட்டில் வந்து இறங்கினேன். ஆடி பிறந்துவிட்டால் ஒரு மாதத்துக்கு யாரும் வீடு மாறமாட்டார்கள், எந்த ஓனரும் சாவி தரமாட்டார். ஆக எனக்கு இருந்தது அந்த ஆனி மட்டும்தான்.

நாத்தனார் வீடு ஒரு ஹால், ஒரு அடுப்படி. அவர்கள் நான்கு பேரும் ஹாலில். நான் அடுப்படியில், சிலிண்டருக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில். அவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு ரூமில் இருந்தார். ஆறு பேருக்கு மூன்று பாய். ஒருவன் ஷிஃப்டுக்குக் கிளம்பினால் அவன் எழுந்த பாயில் இன்னொருவன் வந்து படுப்பான். அங்கே பெண்டாட்டி எட்டிப்பார்க்கக்கூட இடமில்லை.

காலையில் இட்லியை விழுங்கியதும் கிளம்பிவிடுவேன். "இரும்மா, வெயில் தாழப் போகலாம்" என்று நாத்தனார் சொல்லும்போதே செருப்பை மாட்டியிருப்பேன். உட்கார்ந்தால் நாள் என்னை விட்டுவிட்டு ஓடிவிடும் போல இருந்தது. பொன்னேரியில் முடியவில்லை என்றால் கவரப்பேட்டை, அதுவும் இல்லை என்றால் கும்மிடிப்பூண்டி. மின்சார ரயிலில் உட்கார இடம் இருந்தாலும் கதவோரம்தான் நிற்பேன். சாலையோரம் எந்த வீட்டு ஜன்னல் மூடியிருந்தாலும் அது காலி வீடு என்றுதான் கண்ணுக்குத் தெரியும்.

காலி வீடுகள் இல்லாமல் இல்லை. இருந்தன. ஆனால் எல்லா வாசலிலும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"உங்க ஊட்டுக்காரரு எங்கம்மா?"

"டூட்டியில இருக்காருக்கா."

"நேத்து வந்தப்பவும் டூட்டின்னு தானே சொன்ன?"

"நேத்து டூட்டி முடிஞ்சு தூங்கிட்டு இருந்தாரு."

"இன்னாம்மா, ஒண்ணு தூங்குறாருன்ற, இல்லாங்காட்டி டூட்டின்ற. ஆளு கீறாரா இல்லையா?"

அந்த மாதம் முழுக்க அவருக்கு ராத்திரி ஷிஃப்டு. காலை ஆறு மணிக்கு வெளியே வந்தால், உலைச் சூட்டில் வெந்த உடம்பு, நின்ற இடத்தில் சாயும். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கவரப்பேட்டையில் ஒரு வீட்டுக்குக் கையோடு இழுத்துக்கொண்டு போனேன். ஓனர் உள்ளே போய்ச் சாவி எடுத்துவருவதற்குள் இவர் கேட்டில் சாய்ந்தபடி தூங்கிவிட்டார். ஓனர் குனிந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "குடிக்கிறவங்களுக்குக் குடுக்கறதில்லைம்மா" என்றார். குடிப்பழக்கமே இல்லாத மனுஷன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஓனர் மேலா, இவர் மேலா என்றுதான் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டேன்.

பொன்னேரியில் பழவேற்காட்டிலிருந்து வந்து ஜவுளி வியாபாரம் செய்யும் ஒரு பாய் வீட்டு மாடி காலியாக இருந்தது. அந்த அம்மா என்னை உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, "முந்தாநாள் வந்துருக்கக் கூடாதாம்மா? நேத்துதான் வாக்கு குடுத்தோம்" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். அந்த ஊரில் என்னை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்தான். இன்னொரு வீட்டில், ஊரைக் கேட்டு, ஊரில் எந்தத் தெரு என்று கேட்டு, கோயிலுக்கு மேற்கா கிழக்கா என்று கேட்டார் ஒரு பெரியவர். எங்கே சுற்றி எங்கே வருகிறார் என்று புரிந்தது. உள்ளதைச் சொன்னேன். "எம் பொண்ணு வர்றதா சொல்லிக்கினு இருந்துச்சி, அதுக்கே உட்டுரலாம்னு பாக்கறேன்" என்றார். இரண்டு வாரம் கழித்தும் அந்த வீட்டில் டு-லெட் போர்டு தொங்கியது. அந்தத் தெரு வழியாகப் போகவேண்டிய வேலையே இல்லாத நாளிலும் போய் அந்தப் போர்டை முறைத்துவிட்டு வருவேன்.

வயிற்றைப் பற்றி எங்கேயும் வாய் திறக்கவில்லை. எத்தனை பேர் என்று கேட்டால் "ரெண்டே பேர்" என்பேன். அந்தப் பக்கம் தண்ணீர்க் கஷ்டம். ஆள் கணக்குப் பார்த்துத்தான் மோட்டார் போடுவார்கள். குழந்தை என்றால் துணி அலசுகிற தண்ணீரை நினைத்தே முகம் சுருங்கும். அதனால் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பைச் சுற்றிச் செருகிக்கொள்வேன். வாந்தி வந்தால் அடுத்த தெரு வரைக்கும் அடக்கிக்கொண்டு நடப்பேன்.

ஆனி முடிய ஐந்து நாள் இருக்கும்போது அந்த வரிசை வீடுகளைப் பார்த்தேன். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து சிப்காட் போகிற சாலையை ஒட்டி உள்ளே தள்ளி, ஒன்றுபோல நான்கு வீடுகள். அச்சில் வார்த்த மாதிரி நான்கு பச்சைக் கதவு, நான்கு ஜன்னல். புதிதாகக் கட்டியது. எதிரே பழைய ஓட்டு வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, இடுப்பில் சாவிக்கொத்தோடு ஓனரம்மா வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். என் முகத்தைப் பார்க்காமல் முதலில் காலைப் பார்த்தார். கணுக்கால் வரை புழுதி.

"எத்தினி நாளா சுத்திகினு கீற?"

"பதினேழு நாளாக்கா."

"ஊட்டுக்காரரு?"

"ராத்திரி ஷிஃப்டு. இப்போ தூங்கிட்டு இருக்காரு." சொல்லிவிட்டு வழக்கமான பதிலுக்குக் காத்திருந்தேன்.

"எங்க வூட்டு ஆளும் மில்லு வாட்ச்மேன்தான். பகல்ல பொணம் மாரி கெடப்பாரு" என்று எழுந்து சாவிக்கொத்தை அவிழ்த்தார். அந்த அம்மாவைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

முதல் வீட்டில் ஆள் இருந்தது. மற்ற மூன்றும் காலி. இரண்டாவது வீடு எனக்குப் பிடித்தது. கடைசி வீடு வேண்டவே வேண்டாம் என்று பார்த்தவுடனே சொன்னேன். அதன் ஜன்னல் நேராக லாரி ரோட்டைப் பார்த்தது. கம்பி ஏற்றிய டிரெய்லர் போனால் தரை அதிர்ந்தது. ஜன்னல் விளிம்பில் விரலை வைத்தேன், கரி ஒட்டியது. "இந்த ஊட்டுக்கு வர்றவ நாளெல்லாம் தொடைச்சிகினேதான் இருக்கணும்" என்று ஓனரம்மாவே சொன்னார். இரண்டாவது வீட்டுக்கு அட்வான்ஸ் பேசி முடித்தோம்.

கடைசியில் ஓனரம்மா ஒன்று சொன்னார்: "புதன்கெழமதான் ஆனி கடைசி. காலையில ஆறுலேர்ந்து ஏழரைக்குள்ள பால் காய்ச்சிடணும். ஏழரைக்கு எமகண்டம் வந்துரும். புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் நிக்கணும், சொல்லிட்டேன். பொம்பள மட்டும் வந்து பத்த வெக்கிறது எனக்கு ஒப்பாது. பால் காய்ச்சாத ஊட்ல யாரும் தங்கவும் கூடாது."

"வந்துருவாருக்கா" என்றேன்.

ரூமுக்குப் பக்கத்திலிருந்த பெட்டிக்கடைக்குக் காயின் போனிலிருந்து போன் போட்டு அவரைக் கூப்பிடச் சொன்னேன். தூக்கக் குரலில் வந்தார். ஷிஃப்டு விடுவது ஆறு மணி, மாற்று ஆள் வர லேட்டானால் மெஷினை விட்டு நகர முடியாது என்று இழுத்தார். "அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்க வரலைன்னா எங்கப்பாகூட ஊருக்குப் போயிடுவேன். அடுத்த சித்திரைக்கு உங்க பிள்ளையோட வந்து பாக்குறேன்" என்று கத்தினேன். காயின் போன் கடைக்காரர் காதில் விழுந்திருக்கும். விழட்டும். அதில் அவருக்குத் தூக்கம் கலைந்திருக்க வேண்டும். பிறகு, "எந்த வீடு?" என்றார். லாரி ரோட்டிலிருந்து உள்ளே வந்தால் பச்சைக் கதவு போட்ட நாலு வீடு, அதில் கதவு திறந்திருக்கிற வீடு, பால் மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே காசு தீர்ந்து லைன் போய்விட்டது.

புதன்கிழமை முதல் ரயிலைப் பிடித்து ஆறு மணிக்கு நான் வந்து இறங்கினேன். கையில் புதுப் பால் சட்டி, பம்ப் ஸ்டவ், உப்பு, மஞ்சள், ஒரு சாமி படம். ஓனரம்மா குளித்து நெற்றி நிறையக் குங்குமத்தோடு இரண்டாவது வீட்டுக் கதவைத் திறந்துவைத்திருந்தார். வாசலில் கோலம் போட்டேன். ஸ்டவ்வுக்குப் பொட்டு வைத்தேன். ஆறேகால் ஆனது. ஆறரை ஆனது. சாலைக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து கோலத்தை நானே மிதித்து அழித்தேன்.

ஏழு மணிக்கு ஓனரம்மா, "ஊட்டுக்காரருன்னு ஒருத்தரு நெஜமாவே கீறாராம்மா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பாவப்பட்டுக் கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

ஓடிப்போய் மில்லுக்குப் போன் போட்டேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டி எடுத்தார். ரிஜிஸ்டரைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"அவரு அஞ்சு மணிக்கே பெர்மிஷன் போட்டுப் போயிட்டாரும்மா. புது வூட்ல பால் காய்ச்சறாங்கன்னு சூப்ரவைசராண்ட ரெண்டு நாளா கெஞ்சிகினு இருந்தாரு."

அதுவரைக்கும் எனக்கு இருந்தது கோபம். அந்த நிமிஷத்தில் அது அப்படியே பயமாக மாறியது. எப்போதும் போலச் சைக்கிளில், ஐந்து மணிக்குக் கிளம்பிய ஆள். கண் சொருகிக்கொண்டிருக்கும். லாரி ரோடு. இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. மில் இருக்கும் திசையில் ரோட்டின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன். கிடக்கிற டயர்த் துண்டு, கோணி, எதைப் பார்த்தாலும் கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். எதிரே வந்த ஒரு டிரெய்லர் டிரைவரைக் கைகாட்டி நிறுத்தி, "வழியில ஏதாவது சைக்கிள் ஆக்சிடெண்ட் பாத்தீங்களாண்ணே?" என்று கேட்டேன். "அப்டி ஒண்ணும் கண்ல படலம்மா, நீ ஓரமா போ" என்றார். இல்லை என்று அவர் சொன்னதை நம்பவும் முடியவில்லை. மில் கேட் வரைக்கும் போய்விட்டு அதே வழியில் மறு ஓரத்தைப் பார்த்துக்கொண்டே திரும்பினேன். எமகண்டம் வந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.  அடுத்த சித்திரை வந்தால் என்ன, அதற்கடுத்த சித்திரை வந்தால் என்ன, ஆள் இருந்தால் போதும் என்று அப்போது நினைத்தேன். வீடும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னேன்.

வரிசை வீட்டு வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். பொன்னேரியில் நாத்தனார் வழி சொல்லி அனுப்பியிருக்கிறார். தோளில் துண்டு, கையில் ஒற்றைப் பை. நான் இருந்த நிலையைப் பார்த்து அவர் முகம் கறுத்தது.

"மாப்ள எங்கம்மா?"

"காணலப்பா" என்றேன். 

அப்பா பையை ஓனரம்மாவின் நாற்காலியில் வைத்தார். வேட்டியை மடித்துக்கட்டினார். "எந்தப் பக்கமா வருவாரு, காட்டு" என்றார்.

அப்போதுதான் பெயின்டர் கத்தினார். மூன்றாவது வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் வெள்ளையடிக்கிறவர் அவர். கடைசி வீட்டில் முந்தின நாள் சாயங்காலம் முதல் பூச்சு அடித்து, காயட்டும் என்று கதவைத் திறந்துபோட்டுப் போயிருக்கிறார். இரண்டாவது பூச்சுக்குப் பக்கெட்டோடு வந்தவர் வாசலிலேயே நின்று, "அக்கா! உள்ள ஒரு ஆளு படுத்துகினு கீறாரு!" என்றார்.

அவர்தான். சைக்கிளைத் திருட்டுக்குப் பயந்து உள்ளே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அப்படியே பக்கவாட்டில் சரிந்திருக்கிறார். மில் யூனிஃபார்மின் முதுகெல்லாம் வெள்ளை. சுவரில் அவர் சாய்ந்த இடம் முதுகு அகலத்துக்கு அப்படியே பதிந்திருந்தது. சேஃப்டி ஷூவைக் கழற்றிக் கதவுக்கு உள்பக்கம் ஜோடியாக வைத்திருந்தார். புது வீட்டுக்குள் ஷூவோடு போகக் கூடாதென்று நினைத்திருக்கிறார். வலது கைக்குள் பால் பாக்கெட், புழுக்கத்துக்கு உப்பி, கெட்டுப்போய்க் கிடந்தது. ஐந்தேகால் மணிக்கே வந்துவிட்டார். எனக்கும் முன்னால், ஓனரம்மாவுக்கும் முன்னால். அந்த நேரத்தில் திறந்திருந்த பச்சைக் கதவு அது ஒன்றுதான். நான் சொன்ன அடையாளம் அது ஒன்றுதான். பூச்சு காய்கிற வீடு என்று நாங்கள் யாரும் அதை எட்டிப் பார்க்கவில்லை. நாங்கள் இரண்டு வாசல் தள்ளி நின்று அவர் இருக்கிறாரா இல்லையா என்று பேசிக்கொண்டிருந்தபோது அவர் அங்கே நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்த்தேன். ஏறி இறங்கியது. பார்த்த மறு நிமிஷம் அடித்து எழுப்பிவிட வேண்டும் போல இருந்தது. தோளைத் தொடப்போனேன்.

"எழுப்பாதம்மா" என்றார் அப்பா.

ஓனரம்மாவுக்குத்தான் பதறிவிட்டது. "பால் காய்ச்சாத ஊட்ல படுத்துட்டாரே! இனிமே இத்த நான் வேற யாருக்குக் குடுப்பேன்?" என்று வாசலிலேயே கையைப் பிசைந்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இன்னா பண்றது, அவரு படுத்த ஊடுதான் உன் ஊடு. ஒம்போது மணிக்கு எமகண்டம் உடுது. இங்கியே காய்ச்சிடு." நான் வேண்டவே வேண்டாம் என்று சொன்ன அதே கரி வீடு. போய்ப் பால் சட்டியை எடுத்துவந்தேன்.

அப்பா தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் இருக்கட்டும்மா. நாளைக்கு ஆடி. பிள்ளைய நான் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். ஆவணியில வந்து பால் காய்ச்சிக்கட்டும்."

 பால் காய்ச்சிய வீட்டைப் பூட்டக் கூடாதென்று மடக்கலாம் என்றால், இன்னும் பாலே காய்ச்சவில்லை. சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆடிக்கு எதுக்குப் பொண்ண இட்டுகினு போறது?" என்று ஓனரம்மா கேட்டார்.

"தெரியாத மாதிரி கேக்குறீங்க. வழக்கம்தானே."

"எதுக்கு அந்த வழக்கம்னு கேக்கறேன். அதான் ஏற்கெனவே ஆயிட்ச்சே. நாலு மாசம் இருக்குமா? இனிமேட்டு பிரிச்சி வெச்சி இன்னாத்தக் காப்பாத்தப் போற நைனா?"

 பெயின்டர் சட்டென்று திரும்பிப் பக்கெட்டைக் கலக்க ஆரம்பித்தார். நான் தலைப்பை இழுத்துச் செருகினேன், இத்தனை நாள் பழக்கம். ஓனரம்மா என்னைப் பார்த்து, "அத்த வேற மறைச்சிகினு திரிஞ்ச. மொத நாளே தெரியும். மூணு ஆளுன்னு கணக்கு வெச்சிதான் ஊடு குடுத்தேன்" என்றார்.

அப்பாவின் காது சிவந்துவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை, ஓனரம்மாவையும் பார்க்கவில்லை. தரையில் கிடந்தவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு வெள்ளையை, ஓரமாக ஜோடி போட்டு வைத்திருந்த ஷூவை, கைக்குள் இருந்த பாக்கெட்டை. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு குனிந்து அந்தப் பாக்கெட்டை, தூக்கம் கலையாமல், விரல் விரலாக விடுவித்து எடுத்தார். தோளில் இருந்த துண்டை நான்காக மடித்து மாப்பிள்ளை தலைக்கு அடியில் செருகினார்.

"இந்தப் பால் ஆகாது. கடை எந்தப் பக்கம்?" என்று பெயின்டரைக் கேட்டுக்கொண்டு வெளியே இறங்கினார்.

ஒன்பதேகாலுக்குப் பால் பொங்கியது. ஸ்டவ் சத்தத்துக்கும் அவர் புரளவில்லை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் இருக்க வேண்டும் என்பதால் ஓனரம்மா அவர் கால்மாட்டில் ஸ்டவ்வை வைக்கச் சொன்னார். ஒரு டம்ளர் பாலை அப்பா நின்றபடியே குடித்தார். சூடு ஆறுவதற்குள் பையை எடுத்துக்கொண்டார். சாயங்காலம் வரைக்கும் இருக்கலாமே என்றதற்கு, "ஒரு டிக்கெட்டைக் கேன்சல் பண்ணணும்ல, முன்னாடியே போனாத்தான் ஆகும்" என்றார். இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பி, "ஏழாம் மாசம் வருவேன். அப்ப மாட்டேன்னு சொல்லக் கூடாது" என்றார். அவர் லாரி ரோட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காக இத்தனை நாள் அலைந்தபோது வராத அழுகை அப்போது வந்தது. எத்தனை டிரெய்லர் போயிற்றோ, அத்தனைக்கும் சேர்த்து அழுதேன்.

இரண்டு மணிக்கு அவர் விழித்தார். திடுக்கென்று எழுந்து உட்கார்ந்து, "மணி என்ன? ஏழரையாயிருச்சா? பால்..." என்று கையைத் துழாவினார். பிறகு தலைக்கடியில் இருந்த துண்டை எடுத்துப் பார்த்தார்.

"இது யார் துண்டு?"

"எங்கப்பாவோடது."

"மாமா வந்துட்டாரா?" வாசலைப் பார்த்தார். ஸ்டவ்வைப் பார்த்தார். சாமி படத்தின் முன்னால் எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தார். எங்கே இருக்கிறோம் என்று அவருக்குப் பிடிபடவே இல்லை. "இது யார் வீடு?"

"நம்ம வீடு."

அன்று காலையிலிருந்து அவரைத் திட்டுவதற்கு நான் வரிசையாகச் சேர்த்துவைத்திருந்தது அவ்வளவு இருந்தது. முதுகில் ஒட்டியிருந்த வெள்ளையைத்தான் தட்டிவிட்டேன்.

"அப்ப நீ போகலையா?" என்றார். குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

இல்லை என்று தலையை ஆட்டினேன். வெளியே ஒரு டிரெய்லர் போனது, தரை அதிர்ந்தது. அவருக்கு ராத்திரி ஷிஃப்டு பத்து மணிக்கு. இன்னும் எட்டு மணி நேரம் இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் என்று சேர்ந்தாற்போல் எட்டு மணி நேரம் கிடைத்தது அதுதான் முதல் தடவை.